ஆறுமணிக்குருவி போன இடம்

மாளவிகாவின் இடது கால் ஒரு வீட்டில் இருந்தது, வலது கால் அடுத்த வீட்டில். நடுவில் மதில். மதிலின் மேல், குதிரை ஏறியவளைப் போல மாளவிகா. கையில் வலை.

கீழே, செம்பருத்திச் செடியின் அடியில், சருகு அசைந்தது.

“லாய்ட், வண்டியை ஆஃப் பண்ணு,” என்றாள், உதடு பிரியாமல்.

“பண்ணிட்டேன்.”

“மூச்சு விடாதே.”

“அது கொஞ்சம் கஷ்டம் மச்சி,” என்றான் மதிலுக்கு வெளியே நின்ற லாய்ட். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். விடுமுறை நாட்களில் மாளவிகாவுக்குச் சம்பளமில்லாத டிரைவர். “நீ ஏறி நிக்கிறது யார் வீட்டு மதில்னாவது தெரியுமா? எவனாவது திருடின்னு கத்தினான்னு வெச்சுக்கோ, நான் உன்னைப் பார்த்ததே இல்லை.”

சருகுக்குள்ளிருந்து அது வெளியே வந்தது.

கைப்பிடி அளவுதான் இருக்கும். வால் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. பச்சை முதுகு, சந்தன நிற மார்பு, வயிற்றின் அடியில் குங்குமத்தைக் கொட்டியதுபோல் ஒரு சிவப்பு, கண்ணைச் சுற்றித் திருடன் முகமூடி மாதிரி கறுப்புப் பட்டை. ஒரு பழுத்த இலையை அலகால் புரட்டிப் போட்டு, அடியிலிருந்த பூச்சியை விழுங்கியது. ஆறுமணிக்குருவி.

சென்னையில் ஐப்பசி வந்தால் ஆறுமணிக்குருவியைப் பார்ப்பது அதிசயமில்லை. வடக்கே காடுகளில் கோடையைக் கழித்துவிட்டு, குளிருக்கு இங்கே வந்து, தோட்டங்களில் சருகு கிளறிக்கொண்டிருக்கும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் விசிலடிக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

ஆனால் இந்தக் குருவியின் முதுகில் ஒரு பட்டாணி இருந்தது.

பட்டாணி அல்ல, டேக், வெளிச்சத்தைப் பதியும் குட்டிக் கருவி. ஜனவரியில், அடையாறு ஆற்றங்கரைத் தோப்பில், வனத்துறை அனுமதியோடு, அவளே தன் கையால் கட்டிவிட்டது. எப்போது விடிகிறது, எப்போது இருட்டுகிறது என்று அது ஒரு நாள் விடாமல் குறித்துக்கொண்டே இருக்கும். அதை வைத்துப் பறவை எந்தப் பக்கம் போனது, எங்கே தங்கியது என்று கணக்குப் போட்டுவிடலாம். சென்னையில் குளிரைக் கழிக்கும் ஆறுமணிக்குருவி கோடையில் சரியாக எந்தக் காட்டுக்குப் போகிறது? அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் மாளவிகா மூன்று வருஷமாக ஆராய்ச்சி மாணவி.

ஒரே ஒரு சிக்கல். அந்த டேக் யாருக்கும் செய்தி அனுப்பாது. பறவையை மறுபடி பிடித்துக் கழற்றினால்தான் வாயைத் திறக்கும். அவள் கட்டிவிட்ட பறவைகளில் இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்து கண்ணில் படவில்லை. அவளுடைய கைடு போன வாரம்தான் மெதுவாக, இதமாக, வேறு தலைப்பைப் பற்றி யோசிக்கச் சொல்லியிருந்தார்.

இன்று மதியம் மந்தைவெளிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ‘எங்க வீட்டுத் தோட்டத்தில் கலர் குருவி. முதுகில் ஏதோ ஒட்டியிருக்கு. யாருக்காவது தெரியுமா?’

மாளவிகா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டு இன்னும் கோட்டூர்புரத்தில் அவள் அறையில் அப்படியே கிடக்கிறது.

இப்போது அவள் வலையை அங்குலம் அங்குலமாகக் கீழே இறக்கினாள். குருவி அடுத்த இலையைப் புரட்டியது. இன்னும் ஒரு முழம். இன்னும் ஒரு சாண்.

தெருவில் ஒரு கூரியர் வண்டி, யாரையோ திட்டுவதற்காக, நீளமாக ஹார்ன் அடித்தது.

குருவி எழும்பியது. பச்சையும் நீலமுமாக ஒரு வீச்சு. அடுத்த வீட்டின் திறந்த ஜன்னல் வழியாக, ஏதோ சொந்த வீட்டுக்குள் நுழைவதைப் போல நேராக உள்ளே போய்விட்டது.

“போச்சா?” என்றான் லாய்ட்.

“போகலை. உள்ளே போச்சு,” என்று சொல்லிக்கொண்டே மாளவிகா மதிலிலிருந்து குதித்தாள்.

*

அந்த வீட்டு வாசலில் பெரிய கோலம். கோலத்தைச் சுற்றிப் பட்டுப் புடவைக்காரிகளின் செருப்புகள். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம். நவராத்திரி, கொலு வைத்த வீடு.

கதவருகே வேஷ்டியும் ஜிப்பாவுமாக நின்ற பெரியவர், முட்டி வரை மண்ணோடு வலையும் கையுமாக வந்து நின்றவளை மேலும் கீழும் பார்த்தார். பெயர்ப்பலகை அவரைக் கோதண்டபாணி என்றது.

“டெங்குக் கொசுவா? நேத்தே வந்து தொட்டியெல்லாம் பார்த்துட்டுப் போயாச்சே.”

“இல்லை மாமா. உங்க வீட்டுக்குள்ள ஒரு குருவி வந்திருக்கு.”

“குருவிக்கா இவ்வளவு பெரிய வலை?”

“அது சாதாரணக் குருவி இல்லை சார்,” என்று லாய்ட் இடையில் புகுந்தான். “முதுகுல கம்ப்யூட்டர் வெச்சுக்கினு சுத்துது.”

கோதண்டபாணி அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு வழிவிட்டார். “முழங்கால் வலி, என்னால கூடவந்து தேட முடியாது. செருப்பை மட்டும் வெளியில விட்டுடுங்கோ.”

கூடத்தில் சுவரை அடைத்து நின்றது கொலு. படிப் படியாக வெள்ளை விரிப்பு, உச்சியில் கலசம், அதன்கீழ் தசாவதாரம், அதற்கும் கீழே கல்யாண செட், செட்டியார் தம்பதி, காய்கறிக்காரி, கிரிக்கெட் டீம். முன்னால் குத்துவிளக்கு. ஜமக்காளத்தில் ஏழெட்டுப் பெண்கள். பாட்டு டீச்சர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சரணத்தில் இருந்தார். மேலே மின்விசிறி முழு வேகத்தில்.

மாளவிகாவின் பார்வை முதலில் விசிறிக்குப் போனது. அடுத்த நொடி அவள் கை ஸ்விட்சில் இருந்தது.

பாட்டு நின்றது.

“என்ன கரண்ட் போயிடுத்தா?” என்றார் பாட்டு டீச்சர், கண்ணைத் திறக்காமல்.

“மன்னிக்கணும். உள்ளே ஒரு பறவை இருக்கு. விசிறியில பட்டா செத்துடும். யாரும் எழுந்திருக்காதீங்க, ப்ளீஸ்.”

சமையலறையிலிருந்து சுண்டல் தட்டோடு வந்த மாமி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அரக்கு நிறப் பட்டு, ஜொலிக்கும் மூக்குத்தி. குமுதவல்லி, கோதண்டபாணியின் மனைவி. “பறவையா?” என்றாள். குரல் வறண்டிருந்தது. “எந்தப் பறவை? இங்க ஒண்ணும் வரலையே.”

“ஜன்னல் வழியா வந்தது மாமி. நானே பார்த்தேன்.”

லாய்ட் சோபாவுக்கு அடியில் தலையை விட்டான். திரைச்சீலைகளை உதறினான். பரணை எட்டிப் பார்த்தான். சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருத்தி பீரோவின் பின்னால் என்றாள், இன்னொருத்தி போய்விட்டிருக்கும் என்றாள். பறவையைக் காணோம். இறகுகூட இல்லை.

மாளவிகா சுவரோரமாக நின்று, கூடத்தை வலமிருந்து இடமாக, மெதுவாகக் கண்ணால் துழாவினாள். ஆறுமணிக்குருவிக்கு ஒரு குணம் உண்டு. பயந்தால் சிலை. அசையவே அசையாது.

சிலை.

அவள் திரும்பிக் கொலுவைப் பார்த்தாள். செட்டியார். செட்டியார் மனைவி. அவர்களுக்கு நடுவில் பச்சை, நீலம், சிவப்பு வர்ணம் பூசிய ஒரு பறவை பொம்மை.

பொம்மை கண் சிமிட்டியது.

“லாய்ட்,” என்றாள். “மூணாவது படி. செட்டியாருக்கு இடது பக்கம்.”

“கடவுளே,” என்றான் லாய்ட். “இவ்வளவு நேரம் நம்மளையே வேடிக்கை பாத்துக்கினு இருந்துருக்கு.”

அவள் வலையை உயர்த்தினாள். ஓர் அடி வைத்தாள். குறுக்கே அரக்குப் பட்டு வந்து நின்றது.

“கொலுவுல கை வைக்கப்படாது,” என்றாள் குமுதவல்லி.

“மாமி, ஒரே நிமிஷம்.”

“ஒரு நொடிகூடப் படாது. விஜயதசமி ராத்திரி நானா ஒரு பொம்மையைப் படுக்கவெச்சு, மறுநாள்தான் படியிலேர்ந்து எடுக்கறது. அதுவரைக்கும் ஒரு துரும்பை நகர்த்தினது கெடையாது இந்தாத்துல.”

“ஆன்ட்டி, பொம்மையைத் தொடவே மாட்டோம்,” என்றான் லாய்ட். “உயிரோட இருக்கறதை மட்டும் எடுத்துக்கறோம்.”

“அது படிமேல ஏறி உக்காந்துண்டுடுத்து. இப்போ அதுவும் கொலுதான்.”

ஜமக்காளத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். நியாயம் மாமியின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

“மாமி, அந்தக் குருவி முதுகுல இருக்கறது என்னோட மூணு வருஷம்,” என்றாள் மாளவிகா. கெஞ்சுவது அவளுக்குப் பழக்கமில்லை, ஆனாலும் கெஞ்சினாள். “இது பறந்துபோச்சுன்னா மறுபடி கெடைக்கவே கெடைக்காது.”

குமுதவல்லியின் முகத்தில் ஏதோ ஓடியது. “அப்போ அது உன்னோட குருவியா? நீதான் வளர்க்கறியா?”

“வளர்க்கலை. காட்டுப் பறவை. டேக்கைக் கழட்டிட்டு விட்டுடுவேன்.”

“விட்டுடுவியா,” என்றாள் குமுதவல்லி, தனக்குள் சொல்வதைப்போல. ஆனால் நகரவில்லை.

“சரி, வலை வேண்டாம்,” என்றான் லாய்ட். “தானா இறங்கி வரவைப்போம்.” மொபைலை எடுத்து, ஆறுமணிக்குருவியின் விசிலைப் போட்டான்.

அதுதான் தப்பு. தன் இடத்தில் வேறொரு குருவி குரல் கொடுத்தால் ஆறுமணிக்குருவி இறங்கி வந்து கும்பிடு போடாது, சண்டைக்குத் தயாராகும். செட்டியாரின் தலையில் காலை ஊன்றி எம்பியது. செட்டியார் ஆடினார், மனைவிமேல் சாய்ந்தார். அந்த அம்மாள் படியை விட்டுக் கிளம்பினாள்.

லாய்ட் பாய்ந்தான். பள்ளிக்கூட டீமில் ஸ்லிப்பில் நின்றவன். தரைக்கு ஒரு சாண் மேலே, வலது உள்ளங்கையில், செட்டியார் மனைவி பத்திரமாக வந்து உட்கார்ந்தாள்.

“உடையலை,” என்று பொம்மையைத் தூக்கிக் காட்டினான், படுத்தபடியே.

யாரும் அவனைப் பார்க்கவில்லை. குருவி கூடத்தின் நடுவில் பறந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில், பட்டுப் புடவையில் வியர்த்துக்கொட்டிய பாட்டு டீச்சர், பழக்கதோஷத்தில் கையை நீட்டி விசிறியைப் போட்டார்.

இறக்கைகள் சுழன்றன. மெதுவாக. வேகமாக.

“ஆஃப் பண்ணுங்க,” என்று மாளவிகா வலையை எறிந்துவிட்டு ஓடினாள். ஜமக்காளம் காலில் மாட்டியது. சுண்டல் கிண்ணம் உருண்டது. குருவி ஒரு வட்டம் அடித்தது, இன்னொரு வட்டம், விசிறிக்கு இரண்டு அடி கீழே, ஓர் அடி கீழே. மாளவிகா ஸ்விட்ச் போர்டில் மோதியே நின்றாள். எந்த ஸ்விட்ச் என்று பார்க்க நேரமில்லை. எல்லாவற்றையும் சேர்த்து அடித்தாள். கூடம் இருண்டது, குத்துவிளக்கு மட்டும் எரிந்தது.

விசிறி ஓய்ந்து நிற்கும் சத்தம். வேறு சத்தமில்லை. பொத்தென்று எதுவும் விழவில்லை.

“மேல பாரு,” என்றான் லாய்ட் தரையிலிருந்து.

உச்சிப் படியில், கலசத்துத் தேங்காயின் பக்கத்தில், மாவிலையோடு ஒட்டிக்கொண்டு, குருவி. அலகு திறந்திருந்தது. உடம்பு முழுவதும் துடித்தது. கீழே விளக்கின் சுடர் நெளிந்தது. இன்னொரு முறை பறந்தால் விளக்கோ சுவரோ ஜன்னலோ, ஏதோ ஒன்று முடித்துவிடும்.

குமுதவல்லி சுண்டல் தட்டைக் கீழே வைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டாள். புடவையைச் செருகிக்கொண்டு ஏறி நின்றாள்.

“ஏண்டி, கொலுவுல கை வைக்கப்படாதுன்னு நீதானே,” என்று தொடங்கினார் கோதண்டபாணி.

“நீங்க சும்மா இருங்கோ.”

கையை நீட்டினாள். பிடிக்கவில்லை, பொத்தவில்லை, வெறுமனே நீட்டினாள். குருவி அந்த மணிக்கட்டைப் பார்த்தது. ஒரு தத்து தத்தி, வளையல்களுக்கு மேலே ஏறி நின்றுகொண்டது.

கூடத்தில் யாரோ கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

மாளவிகா மட்டும் அதைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை. அவள் கண்ணில் பட்டாணி மட்டும்தான் இருந்தது. இரண்டு எட்டில் முக்காலியை அடைந்து, குருவியைத் தன் கையில் வாங்கினாள். இரண்டு விரல்களுக்கு நடுவே கழுத்து, உள்ளங்கையில் முதுகு. சூடாக, மெத்தென்று, உயிரோடு இருந்தது.

“லைட்டைப் போடு லாய்ட். கத்தரிக்கோல்.”

*

நூல் அறுந்தது. டேக் அவள் உள்ளங்கையில் உருண்டது. அரை கிராம்கூட இருக்காது. லாய்ட் அதைச் சின்ன டப்பாவில் வாங்கினான். பிறகு தன் பங்குக்குக் குருவியை உற்றுப் பார்த்தான்.

“மச்சி, இடது இறக்கையில அடிபட்டு ஆறினா மாதிரி கீது.”

“வழியில என்னென்ன பட்டுதோ, பாவம்.”

“ஆனா ஆள் செம்ம குண்டு. அவ்வளவு தூரம் பறந்து வந்தா இளைச்சுல்ல போயிருக்கணும்?”

“நல்லா சாப்பிட்டிருக்கும்,” என்றாள் மாளவிகா. இருக்கிற சந்தோஷத்தில் எதைச் சொன்னாலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். பாட்டு டீச்சர் விசிறிக்காக மூன்று தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தப் பட்டாணியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார். மாளவிகா விளக்கினாள். வெளிச்சம். ஒவ்வொரு நாளும் குருவி பார்த்த வெளிச்சம். இதைக் கம்ப்யூட்டரில் போட்டால் போதும், கோடை முழுவதும் அது இருந்த காடு வரைபடத்தில் வந்துவிடும். உலகத்தில் யாருக்கும் தெரியாத விஷயம், இன்று ராத்திரி இந்த மந்தைவெளிக் குருவியால் தெரியப்போகிறது.

“நேபாளம்தான்,” என்றான் லாய்ட். “மொமோ சாப்ட்டுத்தான் இப்படி ஊதியிருக்கு.”

“இமயமலை அடிவாரமா இருக்கும்,” என்றாள் மாளவிகா. “இல்லைன்னா மத்தியப் பிரதேசக் காடு.”

“காசிப் பக்கமா இருந்தா விசேஷம்,” என்றார் பாட்டு டீச்சர்.

குமுதவல்லி மட்டும் வெற்றிலை பாக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் கொடுக்காமல் நின்றாள். “எல்லாமே தெரிஞ்சுடுமா?” என்று கேட்டாள்.

“எல்லாமே மாமி. பொய் சொல்லவே சொல்லாது.”

“எந்த ஆம்னுகூடவா?”

“வீடெல்லாம் தெரியாது. ஊர் தெரியும், ஏறக்குறைய.” மாளவிகா சிரித்தாள். “காட்டுல ஏது மாமி வீடு?”

பறவையைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். மாளவிகா பின்கட்டைத் தாண்டித் தோட்டத்துக்குப் போனாள், கூட்டம் பின்னாலேயே போனது. மாலை மங்கத் தொடங்கியிருந்தது. மதிலோரம் குனிந்து கையை விரித்தாள். குருவி தரையில் இறங்கி, உடம்பை ஒரு உதறு உதறி, தலையைப் பின்னுக்குச் சாய்த்தது.

விசில். கணீரென்று, இரண்டே சுரம். நிறுத்தி, மறுபடி.

பெண்கள் கைதட்டினார்கள். கோதண்டபாணி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“அட, இந்தச் சத்தமா? இதுக்காக நான் பக்கத்தாத்துப் பிள்ளையாண்டான்கூட சண்டையே போட்டிருக்கேன். சாயங்காலம் ஆனாப் போறும், விசில் அடிக்கறான், பொண் கொழந்தைகள் நடமாடற தெருன்னு. அவன் சத்தியம் பண்றான், நான் இல்லை மாமான்னு.”

“பாவம் சார் அவன்,” என்று லாய்ட் சிரித்தான். “எப்போ?”

“மே மாசம். அக்னி நட்சத்திர வெயில்ல. அவனை நிக்கவெச்சுத் திட்டினேன்.”

மாளவிகாவும் சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. மே மாதம் சென்னையில் ஆறுமணிக்குருவி கிடையாது. எல்லாம் வடக்கே போயிருக்கும். ஒன்றுகூட இருக்காது.

“மாமா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மேயா?”

“ஜூன்லயும்தான். ஜூலைலயும்தான். தினம் அடிச்சான்.”

குருவி செடிக்குள் போகவில்லை. தத்தித் தத்திப் பின்வாசல் படியேறியது. கோதண்டபாணியின் காலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனது. இடது பக்கம் திரும்பியது. அங்கே மாடிப்படி. ஒவ்வொரு படியாக, ஒரு தத்து, ஒரு நிறுத்தம், ஒரு தத்து என்று, வேலை முடிந்து வீட்டுக்கு வந்த மனிதனைப் போல மேலே ஏறத் தொடங்கியது.

எல்லோரும் குமுதவல்லியைப் பார்த்தார்கள்.

அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

“பூனை கவ்விண்டு வந்துது,” என்றாள். “றெக்கை தொங்கிண்டிருந்தது. இவருக்குப் பறவை, பூனை எதுவும் ஆகாது. முழங்கால் வலி, மாடி ஏற மாட்டார்னு மேல கொண்டுபோய் வெச்சேன். தயிர்சாதம் போட்டேன், சீந்தலை. பருப்பு போட்டேன், சீந்தலை. சுவத்தோரம் போன கரப்பான்பூச்சியை லபக்குன்னு முழுங்கித்து. அன்னிலேர்ந்து தொட்டி மண்ணைக் கிளறிப் புழு எடுத்துப் போடறேன். இந்தக் கையால. வெள்ளிக்கிழமைகூட.”

“நீயா? புழுவா?” என்றார் கோதண்டபாணி.

“முதுகுல அதைப் பார்த்துட்டுத் தாயத்துன்னு நெனச்சேன். யாரோ தாயத்துக் கட்டி ஆசையா வளர்த்த குருவி, என்னிக்காவது தேடிண்டு வந்துடுவான்னு பயந்துண்டே இருந்தேன். றெக்கை ஆறினப்புறமும் அனுப்ப மனசு வரலை. இன்னிக்குக் கார்த்தால, வர்றவாளுக்கு நாற்காலி எறக்கறச்சே ரூம் கதவைத் திறந்துபோட்டுட்டா. போயிடுத்துன்னு மத்தியானமெல்லாம் அழுதேன்.”

லாய்ட் கையிலிருந்த டப்பாவை மாளவிகா வாங்கினாள். திறந்தாள். பட்டாணி உள்ளே அப்படியே இருந்தது.

“மாமி,” என்றாள். “பூனை கொண்டுவந்தது எப்போ?”

“தமிழ் வருஷப் பிறப்புக்கு மறுநாள்.” குமுதவல்லி டப்பாவைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். “வெளிச்சத்தைக் குறிச்சுக்கும்னு சொன்னியே. நேபாளமும் இல்லை, காசியும் இல்லைம்மா. சித்திரைலேர்ந்து அது பார்த்த சூரியன் எல்லாம் எங்காத்து மாடி ரூம் ட்யூப்லைட்தான்.”